இடப்பக்கத்துப் பால்கனி

அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கப்பலில் ஏறியதே இல்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று இடிப்பதாக அந்தப் பயண அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஒரு தடவை ஏரியில் கால் மணி நேரம் படகில் போனார். கரை திரும்பியதும் பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கப்பலென்றால் இப்படி ஆடாது என்று மனைவிக்கு உறுதி சொன்னார். உமக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. துணிகளைப் பிரித்துச் சரிசெய்து தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். ஊசியை எங்கே குத்தலாம் என்று தெரிந்தவள். அதனாலேயே சில இடங்களை விட்டுவைப்பாள்.

பஸ் நிலையத்துக் கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துத் தொடங்கிய வாழ்க்கை, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மூன்றாவது மேசையில் வந்து நின்று இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. முதல் இரண்டு மேசைகள் விமானத்துக்கும் விடுதிகளுக்கும். மூன்றாவது மேசை கப்பலுக்கு. மேசையின் கீழ் இழுப்பறையில் நாற்பது ஐம்பது கப்பல்களின் தள வரைபடங்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடிப்புகளில் எல்லாம் ஒட்டு நாடா. அவற்றை விரித்து ஒரு பென்சிலை ஓட்டிக்கொண்டு அவர் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவருக்குக் காலடியில் தரை லேசாக ஆடுவது போலிருக்கும்.

"இந்த அறை வேண்டாம், மேலே சாப்பாட்டுக் கூடம். காலையில அஞ்சரைக்கு நாற்காலி இழுப்பான்" என்பார். இது நங்கூரச் சங்கிலிக்குப் பக்கம், இது லிஃப்ட்டுக்கு எதிர், இதற்கு ஜன்னல் உண்டு ஆனால் ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும், பணம் கொடுத்துப் படகின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தலைசுற்றல் உள்ளவர்களை நடுவில், கீழ்த் தளத்தில் போடுவார். சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். போய்வந்தவர்கள் சொன்னதை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, போகாமலே எல்லாருக்கும் மேலாகத் தெரிந்துவைத்திருந்தார்.

மனிதர்களையும் அறை வகையாகத்தான் பிரித்திருந்தார். ஜன்னலே இல்லாத உள்ளறை, வாய் ஓயாதவர்களுக்கு. அவர்கள் அறையில் தங்கவே மாட்டார்கள். ஜன்னல் அறை, எதையும் முடிவு செய்ய முடியாதவர்களுக்கு. ஸ்வீட் எனப்படும் பெரிய சொகுசு அறை, திரும்பி வந்து நாலு பேரிடம் சொல்ல வேண்டியவர்களுக்கு. பால்கனி, கல்யாணமாகி முப்பது வருடம் தாண்டியவர்களுக்கு: ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வெளியே இருக்கலாம்.

ஒரு வயதான தம்பதி வந்தபோது இந்தக் கடைசி விதியைத்தான் நினைத்துக்கொண்டார். கணவர் ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்திநாலு வருடம் பிறத்தியார் நிலத்தை அளந்து கல் நட்டவர். அந்த அம்மாள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். ஆயிரம் பேரை ஆயிரம் பேருடன் இணைத்துவிட்டுத் தான் குறுக்கே பேசாமல் இருந்தவர் என்று கணவர் பெருமையாக அறிமுகப்படுத்தினார். டெலிபோன் அம்மா என்று கேப்டன் மனதுக்குள் பெயர் வைத்தார். அந்த அம்மா முதல் நிமிடத்திலேயே அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் சுருக்கமானது. சர்வேயரின் கண்கள் மங்கிக்கொண்டு வந்தன. நேரே பார்த்தால் நடுவில் ஒரு புகை. ஓரத்தால் பார்த்தால் பெரிய உருவங்கள் தெரியும். இன்னும் ஒரு வருடம் இப்படி ஓடும் என்றார் டாக்டர். அதற்குள் நார்வேயின் கரையைப் பார்த்துவிட வேண்டும். கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைகள், உச்சியில் பனி.

"முகமெல்லாம் இப்ப தெரியறதில்ல, கேப்டன்" என்றார். "சின்னதா இருந்தா போச்சு. மலைன்னா பரவாயில்ல. அதை யாரும் எனக்குக் காட்ட வேண்டியதில்ல."

இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று சின்னது. தீவுகளுக்கு நடுவே நுழைந்து போகும், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கரை. ஆனால் ஆடும், படிகள் குறுகல், மருத்துவர் கிடையாது. மற்றது பெரியது. தீவுகளுக்கு வெளியே, திறந்த கடலில், எட்டு நாள் நேராக வடக்கே போகும். வடகோடியில் இறங்கி விமானத்தில் திரும்ப வேண்டும். ஆடாது, லிஃப்ட் உண்டு, மருத்துவர் உண்டு. ஆனால் கரை ஒரு பக்கம்தான்.

கேப்டன் பெரிய கப்பல் என்றார். ஏரிப் படகை நினைத்துக்கொண்டு சொன்னார் என்று பிற்பாடு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. பிறகு வரைபடத்தை விரித்தார். வடக்கே போகும் கப்பலுக்குக் கரை கிழக்கே, அதாவது வலப்பக்கம். ஏழாவது தளம், நடுவில், வலப்பக்கத்தில் ஒரு பால்கனி அறையைப் பென்சிலால் வட்டமிட்டார். "காலை நீட்டி உக்காருங்க சார். நார்வே தானா உங்க முன்னால நகரும்" என்றார். பயண உறையின் மேல் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார்: வலப்பக்கம், கரை முழுவதும் உங்களுக்கு. சர்வேயர் அந்த உறையை நிலப்பத்திரம் போல மடிக்காமல் எடுத்துப்போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பல் டாக்டர் வந்தார். அதே கப்பல், வேறு மாதம். கேப்டன் அதே வரைபடத்தை விரித்து அதே பேச்சைத் தொடங்கினார். பல் டாக்டர்கள் ஓட்டையைத் தேடிப் பழகியவர்கள். இவர் தாளின் ஓரத்தில் கடுகளவு இருந்த ஒன்றைக் காட்டி, "இந்த அம்பு என்ன, கீழ பாத்து இருக்கு?" என்று கேட்டார்.

அம்புக்குறி கப்பலின் முன்பக்கத்தைக் காட்டுவது. எல்லா வரைபடங்களிலும் முன்பக்கம் மேலேதான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். ஆனால் இந்தக் கம்பெனி காகிதத்தை மிச்சப்படுத்த ஒரே தாளில் இரண்டு கப்பல்களை அச்சடித்திருந்தது, குறுகலான கட்டிலில் தலைமாற்றிப் படுத்த இரண்டு பேரைப் போல. ஒன்றின் தலை மேலே, மற்றதன் தலை கீழே. ஏழாவது தளத்துக்கோ இரண்டு முனையும் ஒரே மாதிரி மழுங்கல். தாளில் வலப்பக்கமாக இருந்தது, கப்பலில் இடப்பக்கம். கணினித் திரையில் அறை எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்தப் பக்கம் என்று எழுதியும் இருந்தது. கேப்டன் அதைப் பார்ப்பதில்லை. காகிதத்தை நம்பினார்.

சர்வேயருக்கு அவர் எட்டு நாள் வெறுங்கடலை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்.

பல் டாக்டருக்குச் சரியான பக்கத்தில் அறை போட்டு அனுப்பிவிட்டுக் கேப்டன் திரையில் தேடினார். தம்பதி கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெரிய கப்பலில் வலப்பக்கம் ஒரே ஒரு அறை மிச்சம். அதன் முன்னால் உயிர்காப்புப் படகு. சின்னக் கப்பலில் அதே வாரம் ஒரு ஜன்னல் அறை காலியாக இருந்தது. ஆக வழி இருந்தது. வழியே இல்லாதிருந்தால் அவர் எவ்வளவு நிம்மதியாக வருத்தப்பட்டிருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொலைபேசியை எடுத்தார். டெலிபோன் அம்மாதான் பேசினார்.

"தம்பி, நூறு வயசு உங்களுக்கு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம். பைனாகுலர் வாங்கிட்டார். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லார்கிட்டயும் வலப்பக்கம் வலப்பக்கம்னு ஒரே பெருமை. என்ன விஷயம் சொல்லுங்க."

"பெட்டி எடை பத்தி" என்றார் கேப்டன். "இருபத்திமூணு கிலோவுக்கு மேல போகக் கூடாது."

அது உறையிலேயே அச்சாகியிருந்தது. அந்த அம்மா அதற்கும் நன்றி சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். வேறொருவருக்கு நடந்தது போலத்தான் தொடங்கினார். அவள் ஒரு கால்சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். பாதியிலேயே அது யாரென்று தெரிந்துவிட்டது.

"துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிட்டா உடனே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிடுவேன்" என்றாள். "போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்ல."

"இவருக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே" என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. மனைவி பிரித்த நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அதன் விசேஷம்.

ஒன்பது நாளில் அவர் நான்கு தடவை தொலைபேசியை எடுத்தார். ஒரு தடவை எண்ணைக்கூட அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் தடுத்தது பயம் என்று சொல்ல முடியாது. மரியாதை என்றுதான் அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். பெரியவரின் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேப்டன் என்ற பெயர் கெட்டுப்போகும் என்பதை அவர் நினைக்கவே இல்லை. நினைக்கவில்லை என்பதை அடிக்கடி நினைத்துக்கொண்டார்.

கப்பல் கிளம்பியது. எட்டு நாளும் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரையில் அந்தக் கடலின் வானிலையைப் பார்த்தார். மூடுபனி என்றிருந்தால் மனம் லேசானது; யாருக்கும் எதுவும் தெரியாது. தெளிவான வானம் என்றிருந்தால் காலைக் காப்பி இறங்கவில்லை. தன்னை நம்பி மலை பார்க்கப் போனவருக்கு மழையும் பனியும் வேண்டிக்கொண்ட பயண முகவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

திரும்பி வந்த நாலாம் நாள் இருவரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேப்டன் எழுந்து நின்றார், திட்டு வாங்குவதற்கு வசதியாக. டெலிபோன் அம்மா பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் தம்பி. கரை நல்லாத் தெரிஞ்சுது" என்றார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. கரை எப்படித் தெரியும்? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அம்புக்குறிதான் தப்பு, தான்தான் சரி என்று நம்பினார். குற்றவாளிக்கு ஆதாரத்தின் மேல் சந்தேகம் வருவது இயற்கை. சர்வேயர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மலை, பனி, தண்ணீரோரம் சிவப்பு வீடுகள் என்று மனைவி சொல்ல, அருமை அருமை என்றார். பிறகு டெலிபோன் அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனார்.

சர்வேயர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கேப்டன், ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க சார்."

"எனக்கு ஒண்ணுமே தெரியல. எட்டு நாளும். கப்பல் நின்ன ஊர்ல ஒருநாள் ஒரு மலை தெரிஞ்சுது. அது தலைக்கு மேலயே இருந்துச்சு. பால்கனியில உக்காந்தா ஒரே சாம்பல். அவ தோ பாருங்கங்கறா, பனிங்கறா, அருவிங்கறா. நானும் ஆமாங்கறேன். டாக்டர் ஒரு வருஷம்னார். அவ்வளவு நாள் இல்ல போல."

கேப்டன் வாயைத் திறந்தார். சர்வேயர் கையைக் காட்டினார், இன்னும் முடியவில்லை.

"கண்ணு போனா போகுது. திசையும் போயிடுச்சு. சாயங்காலம் ஆனா வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. வடக்க போற கப்பல், நான் வலது பக்கம், சாயங்கால வெயில் எப்படி என் மூஞ்சில அடிக்கும்? வெயிலை வச்சே ஊரை அளந்தவன் நான். ஆனா அவ மலை தெரியுதுங்கறா. அவ ஒருநாளும் பொய் சொன்னதில்ல. அப்ப வெயில் தப்பா இருக்க முடியுமா? என் புத்திதான்னு விட்டுட்டேன்."

கேப்டன் சும்மா இருந்திருக்கலாம். ஒருவர் மனைவிக்காக மறைக்கிறார், மனைவி கணவருக்காக மறைக்கிறார், இருவரும் சேர்ந்து கேப்டனின் பெயரைக் காப்பாற்றிக் கையில் தொப்பியும் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமாகத் தப்பித்த மனிதர் குறைவு. ஆனால் எதிரில் ஒரு மனிதர் தனக்கு இருக்கும் பார்வையை இல்லையென்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவரிடமிருந்து எடுத்தது டாக்டர் இல்லை.

டெலிபோன் அம்மா மருந்துப் பொட்டலத்தோடு உள்ளே வந்து உட்காரும் வரை கேப்டன் காத்திருந்தார். அந்த அம்மா இல்லாதபோது சொல்லியிருந்தால் சுலபம். அன்றைக்குச் சுலபமானதைச் செய்ய அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"சார், நீங்க இருந்தது இடது பக்கம்" என்றார். "நான் வரைபடத்தைத் தலைகீழாப் பாத்துட்டேன். உங்க பால்கனிக்கு எதிர்ல மலையே கிடையாது. தண்ணிதான். வெயில் சரியாத்தான் அடிச்சிருக்கு."

சர்வேயர் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் மனைவி இருந்த திசையைப் பார்த்தார். "அப்ப நீ பாத்தது?"

"மேல போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேன்."

"காப்பி எடுக்கப் போறேன், சால்வை எடுக்கப் போறேன்னு போனியே."

"ஆமா."

முதல் நாளே தெரிந்துவிட்டது என்று டெலிபோன் அம்மா மேசையைப் பார்த்துச் சொன்னார். அறை மாற்றக் கேட்டார், கப்பல் நிறைந்திருந்தது. மேல் தளத்துக்கு அழைத்துப்போனால் மறுபக்கம்தான் கரை என்று கணவருக்குத் தெரிந்துவிடும். அதனால் மேலே குளிர்காற்று என்று சொல்லித் தடுத்தார். தான் மட்டும் அரை மணிக்கொரு தடவை ஓடிப்போய் வலப்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பார்த்ததை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்து சொன்னார். ஒரு மலைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

"பைனாகுலரை வச்சுக்கிட்டு மலை வந்துச்சான்னு கேட்டார். இல்லன்னு சொல்ல வாய் வரல, தம்பி."

"எனக்குக் கண்ணு அவிஞ்சே போச்சுன்னு நெனச்சேன்" என்றார் சர்வேயர். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்வது போலச் சொன்னார்.

டெலிபோன் அம்மாவின் கை மருந்துப் பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றது. இது அந்த அம்மாவுக்குத் தெரியாது. எட்டு நாள் அந்த இணைப்பின் மறுமுனையில் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று அவர் யோசித்ததே இல்லை. பிறகு கேப்டனைப் பார்த்தார், காலண்டரை அல்ல.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

தப்பை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமாக இல்லை. அது ஒரு தாளின் தப்பு, அம்பின் தப்பு, யாருக்கும் வரும். இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தேதிதான் இருந்தது. தேதியை யார் மேலும் போட முடியாது.

"நீங்க கிளம்பறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி."

"பெட்டி எடை சொன்னீங்களே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தாம்மா."

டெலிபோன் அம்மா எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நடைபாதையில் நின்றார். தொப்பி மேசையிலேயே இருந்தது. திருப்பி எடுத்துப் போயிருந்தால் கேப்டனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சர்வேயர் எழுந்திருக்கவில்லை. "அந்தத் தாளைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

கேப்டன் விரித்தார். சர்வேயர் சட்டைப்பையிலிருந்து வட்டமான பூதக்கண்ணாடியை எடுத்து, முகத்தைத் தாளோடு ஒட்டி, தலையைச் சாய்த்து, மேலிருந்து கீழாக ஓர் ஓரத்தையும் கீழிருந்து மேலாக மறு ஓரத்தையும் அளந்துகொண்டு போனார். கேப்டன் விரலை நீட்டப் பார்த்தார். வேண்டாம் என்றார் சர்வேயர். ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே நின்ற மனைவி கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருக்கு" என்றார் சர்வேயர். "கீழ பாத்து."

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான். கேப்டனுக்கு அதைக் கேட்பது, திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து டெலிபோன் அம்மா தனியாக வந்தார். குளிர்காலம் நெருங்கிவிட்டது, சின்னக் கப்பலின் அடுத்த பருவம் மே மாதம்தான் தொடங்கும். டாக்டர் மறுபடி பார்த்ததாகவும், மே வரை ஒன்றும் ஆகாது, அதற்குப் பிறகு சொல்ல முடியாது என்றதாகவும் சொன்னார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மே மாசம் முதல் கப்பல் என்னிக்கு, சார்?"

கேப்டன் தேதியைச் சொன்னார். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் நூறு பேர், கேப்டன் என்கிறவர்கள் ஆயிரம் பேர், சார் என்கிறவர்கள் கணக்கே இல்லை. தம்பி என்று கூப்பிட இந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

வரைபடத்தை விரித்தார். அவர் பென்சிலை எடுப்பதற்குள் டெலிபோன் அம்மா தாளை மெல்லச் சுற்றி, அம்புக்குறி மேலே பார்க்கும்படி வைத்து, அதன் மேல் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டார்.

"வலது பக்கம் எது, சார்?"

"இந்தக் கப்பல்ல ரெண்டு பக்கமும் கரை தெரியும்மா. எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒண்ணுதான்."

"இருக்கட்டும். காட்டுங்க."

கேப்டன் காட்டினார். அறையை முடிவு செய்து, திரையிலும் ஒருமுறை பார்த்துப் படித்துச் சொல்லி, உறையில் போட்டுக் கொடுக்கும் வரை அந்த அம்மா அம்பின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.